முடிந்தது என்கிற சொல்

ஆரைக்குழியில் டவர் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று.
காப்பித் தோட்டத்து வேலி தாண்டி
பலா மரத்துக்குப் பின்னாலிருக்கும் பாறை.
அதிலும் வலது ஓரம்.
காலை ஒரு படம், மதியம் ஒரு படம்,
நூறு நாள் வேலைக்கு வந்த முகங்களை
நான் அங்கிருந்து ஏற்றியாக வேண்டும்.
ஏறவில்லையென்றால்
கை காய்க்க மண் வெட்டியவளும்
அன்றைக்கு வராதவள்தான்.

அப்படித்தான் பழகினேன்
படத்தின் அடியில் ஓடும் எண்களை:
வடக்கே எத்தனை, கிழக்கே எத்தனை,
கடலுக்கு மேல் எத்தனை மீட்டர்.
கடலை நாங்கள் பார்த்ததில்லை.
அதற்கு மேல் ஆயிரத்து முந்நூற்றுப் பத்தில்
குடியிருக்கிறோம் என்று
போன் சொல்லித்தான் தெரியும்.

அக்டோபர் இரண்டு, பள்ளிக்கூடத்தில் கிராமசபை.
மஞ்சு ஜன்னல் வழியே வந்து
கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்தது.
செயலர் கோபிநாத் வாசித்தார்,
கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில்.
"ஆரைக்குழி மேல்நிலைத் தொட்டி,
முப்பதாயிரம் லிட்டர். முடிந்தது.
அடுத்து, தெருவிளக்கு..."

"அடுத்ததுக்கு முன்னாடி" என்றேன்.
என் குரல் எனக்கே கேட்கவில்லை.
இன்னொரு தடவை சொன்னேன்.

முந்தின ராத்திரி
காட்டெருமை மூச்சு கேட்கிறபோதெல்லாம்
டார்ச்சை அணைத்து அணைத்து
பாறையில் உட்கார்ந்து இறக்கியிருந்தேன்
அரசாங்கக் கணக்கிலிருந்த எங்கள் தொட்டியை.
நீலப் பெயின்ட். புது ஏணி.
எழுத்துப் பிழைகூட இல்லாமல் எங்கள் ஊர்ப் பெயர்.
நல்ல தொட்டி.
பார்த்தாலே தாகம் எடுக்கும்.

போன் கை மாறிப் போனது.
படிக்கத் தெரியாத சடைச்சியக்கா
கிட்ட வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.
"பின்னால நிக்கிறது பனையில்ல?
நம்ம மலையில ஏது பனை?"

நான் எண்களை வாசித்தேன்.
கடலுக்கு மேல் முந்நூற்றுப் பதினேழு மீட்டர்.

"நம்ம ஊரு எப்ப மலை இறங்குச்சு?"
கடைசி வரிசையிலிருந்து வெள்ளையன்.
சிரிப்பு எழுந்தது. கூடவே எழுந்தார் பொறியாளர்,
அவசரமாகக் காதில் போனை வைத்தபடி.
அங்கே டவர் இல்லையென்று
யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"ஏத்துனவங்க தப்பா ஏத்தியிருப்பாங்க" என்றார் கோபிநாத்.
"சரிங்க சார். தப்புன்னு எழுதுங்க."
அவ்வளவுதான் எங்கள் போராட்டம்.
பேனா எழுதவில்லை.
நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் பென்சில் நீட்டினான்.
பென்சில் வேண்டாமென்று
இன்னொரு பேனா தேடினோம்.
தீர்மானம் ஏழு.
அறுபத்தெட்டு பேர், பாதி கையெழுத்து, பாதி ரேகை.

அதைப் படமெடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடினேன்.
வட்டம் சுற்றியது, நின்றது, சுற்றியது.
புகார் எண் வந்தபோது பலா மரம் தெரியவில்லை.
பின்னாலேயே ஏறி வந்த சடைச்சியக்கா
உள்ளங்கையை நீட்டினாள்.
"இதுல எழுது."
"கழுவினா போயிடும்க்கா."
"தண்ணி வந்தாத்தான கழுவறது."

பத்தொன்பதாம் நாள்
முடிந்தது என்கிற சொல்லைக் காணோம்.
அந்த இடத்தில் நிலுவை என்றிருந்தது.
ஒரு ஊர், அந்தச் சொல்லுக்காக
அடுப்பு மூட்டி வரக்காப்பி போட்டுக் குடித்தது.
தண்ணீர் ஊற்றுக்குழியிலிருந்து,
வழக்கம்போல இரண்டு மேடு ஏறி.

மறுநாள் காலை
தொட்டி நிற்க வேண்டிய இடத்தைப் படமெடுத்தேன்.
உண்ணிச்செடிப் புதர். மேயும் ஒரு ஆடு.
ஆயிரத்து முந்நூற்றுப் பத்து மீட்டர்.
எண்கள் மட்டும் சரியாக இருந்தன.
ஏற்றினேன்.